ஒரு கரு போதும்: மாநில ஏஆர்டி (செயற்கைக் கருத்தரிப்பு) வாரியத்துக்குத் திறந்த மடல்

மதிப்புக்குரிய வாரிய உறுப்பினர்களுக்கு வணக்கம்.

கருத்தரிப்பு மையங்களுக்கான 2021 சட்டத்தை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

என் தங்கைக்கு இன்னும் முப்பது ஆகவில்லை. முதல் ஐவிஎஃப், அதாவது உடலுக்கு வெளியே கருவை உருவாக்கிக் கருப்பையில் வைக்கும் சிகிச்சை. மூன்று கரு வைத்தார்கள். "ஒன்று நிற்காவிட்டால் இன்னொன்று நிற்கும்மா" என்றார் டாக்டர். மூன்றும் நின்றுவிட்டன. பன்னிரண்டாவது வார ஸ்கேனில் அதே டாக்டர், "ஒன்றைக் குறைத்துவிடலாம், மற்ற இரண்டுக்கும் அதுதான் பாதுகாப்பு" என்றார். குறைப்பது என்றால் என்னவென்று அவளாகக் கேட்ட பிறகுதான் சொன்னார்கள். வயிற்றின் வழியாக ஊசி செலுத்தி, ஒரு சிசுவின் நெஞ்சில் பொட்டாசியம் குளோரைடு போடுவார்களாம். எந்தச் சிசு? ஊசிக்குச் சுலபமாக எட்டுவது எதுவோ, அது. சில சமயம் எல்லாமே கலைந்துவிடவும் கூடுமாம். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கையெழுத்துப் போட்டாள். ஸ்கேன் திரையைத் தன் பக்கம் திருப்பிவிட வேண்டாம் என்று மட்டும் கேட்டுக்கொண்டாள்.

அந்த ஊசியை நான் குறை சொல்லவில்லை. மூன்று சிசு என்றால் குறைப்பிரசவமும் தாய்க்கு ரத்தக்கொதிப்பும் வர வாய்ப்பு அதிகம். ஆனால் அவை தானாக மூன்றாகவில்லையே, எண்ணித்தானே வைத்தார்கள்? ஒன்றை வைத்து மிச்சத்தை அடுத்த முறைக்கென்று உறையவைத்திருக்கலாம். நகையை அடகு வைத்து வருகிறவர்கள் "இரண்டு மூன்றாக வையுங்கள்" என்று தாங்களே கேட்பதும் உண்டுதான். அதனால்தான் விதி வேண்டும் என்கிறேன். இளம் வயதுப் பெண்ணுக்கு முதல் முறை ஒரு கரு, அவ்வளவுதான். வயதானவர்களுக்கோ பலமுறை தோற்றவர்களுக்கோ கூடுதலாக வைப்பதென்றால் டாக்டர் காரணத்தை எழுதிவைக்கட்டும்.

இது நடக்காத காரியம் இல்லை. பெல்ஜியத்தில் 2003-இல் ஐவிஎஃப் ஆய்வகச் செலவை அரசே ஏற்றது. பதிலுக்கு, இளம் பெண்களுக்கு முதல் முறை ஒரு கருதான் என்றது. அவ்வளவு தூரம் போவானேன்? நம் நாட்டின் 2022 வாடகைத் தாய் விதிகளே ஒரு கருதான் வைக்க வேண்டும், விசேஷ சூழ்நிலையில் மட்டும் மூன்று வரை என்கின்றன. அந்த அக்கறை, தன் பிள்ளையைத் தானே சுமக்கிறவளுக்கும் கிடைக்கட்டும்.

மையங்களின் சுவரைப் பாருங்கள், எல்லாம் இரட்டைக் குழந்தைப் படங்கள். ஆடித் தள்ளுபடிபோல ஒன்றுக்கு ஒன்று இலவசம்! பிரெக்னன்சி டெஸ்ட் பாசிட்டிவ் வந்ததுமே அவர்கள் கணக்கில் வெற்றி. அப்புறம் என்ஐசியூ (பச்சிளங்குழந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு) பில், கண் பரிசோதனை, மூச்சுத்திணறல் எல்லாம் நம் கணக்கு. அந்தப் படங்களுக்குப் பக்கத்தில் எத்தனை குழந்தைகள் குறைமாதத்தில் பிறந்தன என்றும் ஒட்டச் சொல்லுங்களேன்.

கோபத்தில் கொஞ்சம் நீண்டுவிட்டது, பொறுத்தருளுங்கள். கேட்பது இவ்வளவுதான்: முதல் முறை ஒரு கரு என்பதை எல்லா மையங்களுக்கும் கட்டாயமாக்குங்கள். எத்தனை கரு வைக்கப்போகிறார்கள், கூடுதலாக நின்றால் என்ன செய்வார்கள் என்பதைப் பணம் கட்டும் முன்பே தமிழில் எழுதித் தரவும் உத்தரவிடுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓர் அக்கா