சாரத்தை முதல் நாளே பிரிக்கச் சொல்லும் மேற்பார்வைக் குழுவுக்கு

மதிப்பிற்குரிய பயிற்சி மேற்பார்வைக் குழுவினருக்கு,

வணக்கம். விதியை மீறியதற்கு விளக்கம் கேட்டு நீங்கள் அனுப்பிய கடிதம் கிடைத்தது. அதோடு இணைத்திருந்த சுற்றறிக்கையையும் படித்தேன். பயிற்சி ஆலோசகர், அதாவது எங்கள் மேற்பார்வையில் மனநல ஆலோசனை தரக் கற்றுக்கொள்பவர், எந்த ஆண்டில் இருந்தாலும் ஒரே படிவம், ஒரே ஐம்பது நிமிடம், 'நேரடியாக வழி சொல்லக் கூடாது, கேள்விகளால் மட்டுமே நடத்த வேண்டும்' என்ற ஒரே முறை தொடரும் என்கிறது அது. நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆனால் கோப்பில் இல்லாத ஒரு மணி நேரம் இருக்கிறது, அதை மட்டும் சொல்கிறேன். சம்பந்தப்பட்ட பயிற்சி ஆலோசகரின் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன்.

அவர் நேரில் ஆட்களைப் பார்க்கத் தொடங்கி ஐந்து வாரம் ஆகியிருந்தது. அன்று அவரிடம் வந்த ஒருவர், எழுந்து போகும் நேரத்தில், இனி வாழப் பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டார். இவர் நேராக என்னிடம் வந்து உட்கார்ந்தார். கையில் இருந்த குறிப்பேட்டைத் திறக்கக்கூட இல்லை. "நான் இப்போ என்ன செய்யணும்?" என்று கேட்டார். நான் உங்கள் விதிப்படி, "உங்களுக்கு என்ன தோன்றுகிறது?" என்றேன். "தெரியலையே" என்றார். கேள்வியைக் கொஞ்சம் மாற்றி மறுபடி கேட்டேன். அப்புறம் இன்னொரு முறை. அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே, படிவத்தில் 'தானாக முடிவெடுக்கத் தூண்டப்பட்டாரா?' என்ற கட்டத்தில் 'ஆம்' என்று குறித்தேன். இவ்வளவு காலப் பணியில் நான் போட்ட மிகப் பெரிய பொய்க் குறி அதுதான்.

பிறகு பேனாவை மூடிவிட்டு, செய்ய வேண்டியதை ஒவ்வொன்றாகச் சொன்னேன். தற்கொலை எண்ணம் உண்டா என்று சுற்றி வளைக்காமல் கேளுங்கள், அப்படிக் கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. திட்டம் ஏதும் இருக்கிறதா, அதற்கான வழி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறதா, இன்றிரவு யார் துணைக்கு இருப்பார்கள் என்று கேளுங்கள். பயிற்சி ஆலோசகர் என் எதிரிலேயே, வந்துபோனவரிடம் தொலைபேசியில் பேசினார், நான் பக்கத்திலேயே இருந்தேன். வந்தவர் இப்போது சிகிச்சையில் இருக்கிறார். நீங்கள் விளக்கம் கேட்டிருப்பது இந்த விதிமீறலுக்குத்தான்.

நான் கேட்பது ஒன்றே: பயிற்சி ஆலோசகர் எந்தக் கட்டத்தில் இருக்கிறாரோ அதற்கேற்ற மேற்பார்வையைத் தர எங்களை அனுமதியுங்கள்.

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு அல்ல. உளவியலாளர் ஸ்டோல்டன்பெர்க் 1981-ல் முன்வைத்து, 1987-ல் டெல்வொர்த்துடன் சேர்ந்து விரித்தெழுதிய, ஆலோசகர்கள் நிலை நிலையாக வளர்கிறார்கள் என்னும் வளர்ச்சி மாதிரியை நீங்களே பாடத்தில் வைத்திருக்கிறீர்கள். முதல் நிலையில் இருப்பவருக்கு ஆர்வமும் பதற்றமும் சேர்ந்தே இருக்கும். கவனமெல்லாம் 'நான் சரியாகச் செய்கிறேனா' என்பதிலேயே நிற்கும், எதிரில் இருப்பவரை முழுதாகப் பார்க்கவே மனத்தில் இடம் இருக்காது. அவருக்குத் தெளிவான வழிகாட்டல் வேண்டும். இரண்டாம் நிலை ஏறக்குறைய விடலைப் பருவம்: இன்று 'என்னை விடுங்கள், நானே பார்த்துக்கொள்கிறேன்' என்பார், நாளை வாசலில் வந்து நிற்பார். மூன்றாம் நிலைக்கு வந்தவரிடம்தான் உங்கள் அருமையான கேள்வி வேலை செய்யும். அதே வாரம் எட்டாண்டு அனுபவமுள்ள ஒருவருக்கு, 'கண் பார்த்துப் பேசினாரா?' என்ற கட்டத்தில் நான் குறி போட வேண்டியிருந்தது. அவர் சிரித்தார், நானும் சிரித்தேன். வேறென்ன செய்வது?

நிலைக் கோட்பாடுகளுக்கு ஆய்வு ஆதாரம் உறுதியாக இல்லை என்று கூட்டத்தில் உங்களில் ஒருவர் சொன்னார். பாதி சரி. யாரும் ஒரே சீராக வளர்வதில்லை. வந்தவரின் நிலையை மதிப்பிடுவதில் தேர்ந்தவர் அவருக்கு உதவும் தலையீட்டில் தடுமாறலாம் என்பதை அந்த மாதிரியே ஒப்புக்கொள்கிறது, ஆலோசகரின் பணியை எட்டுத் துறைகளாகப் பிரித்துப் பார்க்கச் சொல்வதும் அதனால்தான். ஆனால் அந்த வாதம் நீளும் திசையைக் கவனியுங்கள். ஒரே ஆளுக்குள்ளேயே பல நிலைகள் இருக்கின்றன என்றால், எல்லோருக்கும் ஒரே படிவம் என்பது இன்னும் மோசமாகத்தானே பொருந்தும்? நெருக்கடி நேரத்துக்கு வேறொரு சான்றும் உண்டு. ட்ரேசியும் உடன் ஆய்வாளர்களும் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், தற்கொலை போன்ற நெருக்கடி என்று வந்தபோது அனுபவம் மிக்கவர்களும் கட்டமைப்புள்ள, அதாவது செய்ய வேண்டியதைத் தெளிவாகச் சொல்லும், மேற்பார்வையையே விரும்பினார்கள். அப்படியிருக்க, ஐந்து வாரக்காரரிடம் போய் 'உங்களுக்கு என்ன தோன்றுகிறது?' என்று கேட்கச் சொல்கிறீர்கள்.

முதல் பருவத் தேர்வில் உளவியலாளர் வைகோட்ஸ்கியின் அண்மை வளர்ச்சி மண்டலத்தை விளக்கச் சொல்கிறோம். தனியாக முடியாததைத் துணையோடு செய்ய முடிகிற இடைவெளியில்தான் கற்றல் நடக்கிறது என்று எழுதுகிறவருக்கு முழு மதிப்பெண். உட், ப்ரூனர், ராஸ் மூவரும் 1976-ல் சொன்ன 'சாரம் கட்டுதல்', அதாவது கற்பவர் தானே செய்யத் தேறும்வரை கட்டடத்துக்குச் சாரம் போலத் துணை நிற்பது, பற்றி எழுதினால் இன்னும் நல்லது. விடைத்தாளில் கட்டும் சாரத்தை மேற்பார்வை அறையில் கட்டினால் மட்டும் விளக்கக் கடிதம் வருகிறது. ஒருவேளை வளர்ச்சி உளவியல் குழந்தைகளுக்கு மட்டும்தான், பெரியவர்கள் முழுதாக வளர்ந்த பிறகே நம் வாசல்படி ஏறுகிறார்கள் போலும்.

மேற்பார்வையாளர்கள் மட்டும் என்ன, வானத்திலிருந்து குதித்தவர்களா? பணிமூப்பு வந்ததும் ஒரு நாற்காலி தந்தீர்கள், அதில் உட்காரக் கற்றுத்தரவில்லை. எங்களுக்கும் தொடக்கநிலைப் பதற்றம் உண்டு. விதிப்புத்தகத்தைப் பிடித்துத் தொங்குவது அதன் அடையாளம், அன்று நான் மூன்று முறை கேள்வி கேட்டதே அதற்குச் சாட்சி. போதாக்குறைக்கு, தேர்ச்சி மதிப்பெண்ணையும் நாங்களே போடுகிறோம். மதிப்பெண் போடுகிறவரிடம் யார் தன் தவறைத் திறந்து சொல்வார்கள்? சரி, அது வேறு மடலுக்கான விஷயம், இதில் கலந்தால் இதுவும் கிடப்பில் போய்விடும்.

ஆகவே மறுபடி பணிவோடு கேட்கிறேன். கட்டத்துக்கேற்ற மேற்பார்வையை அனுமதியுங்கள். முழு விதிப்புத்தகத்தையும் மாற்றக் காலம் பிடிக்கும் என்று தெரியும். இப்போதைக்கு இரண்டு வரி போதும்: முதலாண்டினருக்கு நேரடி வழிகாட்டல் தரலாம் என்று ஒன்று, உயிராபத்து நேரத்தில் எந்த ஆண்டினருக்கும் தரலாம் என்று இன்னொன்று. அடுத்த கூட்டத்தில் பத்து நிமிடம் ஒதுக்கினால் வரைவோடு வருகிறேன்.

நீங்கள் கேட்ட விளக்கமாகவும் இந்த மடலையே கோப்பில் வைத்துக்கொள்ளலாம். அந்தப் படிவத்தில் நான் போட்ட 'ஆம்' என்ற குறியை மட்டும் அடித்துத் தரவும். திருத்தக் கையெழுத்துப் போட நேரில் வருகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் மேற்பார்வையாளர் பட்டியலில் உள்ள ஒருவர்