மூன்று பக்க மழை

லைடன்

அன்புள்ள கலாவுக்கு,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மூன்று பக்கம் மழையையும் பஸ் தாமதமானதையும் எழுதிவிட்டு, நான்காம் பக்கத்தின் அடியில்தான் தமிழய்யா தவறிப்போனதைச் சொல்லியிருந்தாய். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன். முதலில் நீ கேட்டதற்குப் பதில்: ஆமாம், இந்தப் பருவம் முழுக்க எனக்கு டச்சு மொழிப் பின்நவீனத்துவ நாவல்கள்தான், கதை சொல்லிக்கொண்டே கதை சொல்வதையே கேள்வி கேட்கும் வகை.

மொழி பிடிபட்டுவிட்டது. டச்சில் துணை வாக்கியம் வந்தால் வினைச்சொல் கடைசிக்குப் போய்விடும். உடன் படிக்கும் வெளிநாட்டு மாணவர்கள் அங்கேதான் தடுமாறுகிறார்கள். தமிழிலும் வினைச்சொல் கடைசியில்தானே, எனக்கு அது நடந்து பழகிய தெரு. நாவல்கள்தான் எளிதில் பிடி கொடுக்கவில்லை.

முதலில் படித்தது, சேஸ் நோட்டெபோம் 1984-இல் எழுதிய ‘நெதர்லாந்தில்’. ஸ்பெயின் நாட்டுச் சாலை ஆய்வாளர் ஒருவர் ஆளில்லாத பள்ளி வகுப்பறையில் உட்கார்ந்து, ஆண்டர்சனின் பனி ராணி என்ற சிறுவர் கதையைத் தன் போக்கில் எழுதுகிறார். அவர் எழுதும் நெதர்லாந்து தெற்கே நீண்டு மலைநாடாகிவிடுகிறது. இடையிடையே கதையை நிறுத்தி, கதை என்றால் என்ன என்று நம்மிடமே பேசுகிறார். இதை ரயிலில் படித்தேன். ஜன்னலுக்கு வெளியே பலகை போட்டதுபோல் புல்வெளி, நூல் பிடித்தாற்போல் வாய்க்கால்கள், கண்ணுக்கெட்டியவரை ஒரு மேடு கிடையாது. இந்த நாட்டுக்கு ஒருவர் எழுத்தாலேயே மலை எழுப்பியிருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது.

என்னை உலுக்கியது அவருடைய ‘பின்வரும் கதை’. 1991-ஆம் ஆண்டு புத்தக வாரத்தில், புத்தகம் வாங்கியவர்களுக்குக் கடைகளில் அன்பளிப்பாகக் கொடுத்த சின்ன நாவல் அது. எனக்குக் கிடைத்தது பழைய பிரதி, யாரோ பென்சிலால் கோடு போட்டது. ஹெர்மன் முஸ்ஸெர்ட் முன்பு லத்தீனும் கிரேக்கமும் நடத்தியவர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் சாக்ரடீஸ். ஆம்ஸ்டர்டாமில் தன் படுக்கையில் தூங்கியவர், லிஸ்பன் நகர விடுதி ஒன்றில் கண்விழிக்கிறார். இருபது ஆண்டுகளுக்கு முன் சக ஆசிரியரின் மனைவியோடு தங்கிய அறை அது. அந்தப் பெண்ணும் ஆசிரியைதான், உயிரியல். வகுப்பில் ஒரு படம் காட்டுகிறார்: செத்த எலியை வண்டுகள் மண்ணைப் பறித்துப் புதைக்கின்றன, பந்தாக உருட்டுகின்றன, தங்கள் புழுக்களுக்கு உணவாக்குகின்றன. பென்சில் கோடு அங்கேதான் மிக அழுத்தமாக இருக்கிறது.

பிறகு ஒரு கப்பல், அமேசானை நோக்கி. பயணிகள் ஒவ்வொருவராகத் தாங்கள் இறந்த விதத்தைச் சொல்கிறார்கள். முஸ்ஸெர்ட்டின் முறை வருகிறது. இறந்துபோன தன் மாணவியைப் பார்த்துச் சொல்லத் தொடங்குகிறார். நாவலின் கடைசிச் சொற்களே அதன் தலைப்பு! கடைசிப் பக்கத்திலிருந்து நேரே முதல் பக்கத்துக்குத் திரும்பினேன், கலா. அன்று இரவு தூங்கவில்லை.

திங்கட்கிழமை வகுப்பில் ஒரு தோழி, இதெல்லாம் வெறும் மூளை விளையாட்டு என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. சொல் தேடித் தேடித்தான் பேசினேன், ஆனாலும் விடவில்லை. மாணவி செத்துப்போனாள் என்று முஸ்ஸெர்ட் ஒரே வரியில் சொல்லியிருக்கலாமே, வாய் வரவில்லை, அதனால்தான் லிஸ்பன், வண்டு, கப்பல் என்று இவ்வளவு தூரம் சுற்றி வருகிறார் என்றேன்.

மறுநாள்தான் உன் கடிதம். ஒழுகும் குடை, நனைந்த டிக்கெட், ஐயா வீட்டு வாசலில் கிடந்த செருப்புகளின் எண்ணிக்கை வரை எழுதியிருந்தாய். எட்டு ஜோடி. அந்த எண்ணைப் படித்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. அதற்குமேல் படிக்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அவருடைய புத்தகங்கள் என்ன ஆயின? பச்சை அட்டை போட்ட அந்த அகராதி யாரிடம் இருக்கிறது? அவர் பையனிடம் கேட்டு எழுது. எத்தனை பக்கம் ஆனாலும் சரி, மழையிலிருந்தே தொடங்கு.

அன்புடன்,
சுமதி