படலைத் திறந்துவிட்டவர்களுக்கு

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊர்ப் பள்ளியில் நான் எடுத்த 24 பூச்சிப் படங்களை மாட்டி வைத்திருந்தோம். வந்தவர்கள் எல்லாரும் "எப்படிங்க எடுத்தீங்க?" என்று கேட்டார்கள். அன்றைக்கு இருந்த கூட்டத்தில் நின்று பதில் சொல்ல முடியவில்லை. அவற்றில் ஒரு படத்தைக்கூட நான் தனியாக எடுக்கவில்லை. அதைச் சொல்லத்தான் இந்த மடல்.

முதல் நன்றி கோவையில் இருக்கும் அண்ணனுக்கு. தன்னுடைய கேனான் எம்பி-இ 65 லென்ஸை எட்டு மாதம் என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். 1999-இல் வந்த லென்ஸ் அது. வழக்கமான மேக்ரோ லென்ஸ் பூச்சியை அதன் அசல் அளவில் பதியும். இது அங்கே தொடங்கி 5 மடங்கு வரை போகும். 5 மடங்கு வைத்தால், ஃபுல் பிரேம் கேமராவில் (பழைய பிலிம் அளவுக்கே படம் பதியும் கேமரா) 7 மில்லிமீட்டர் அகலம்தான் படத்துக்குள் வரும். இரண்டு எள்ளை நீளவாக்கில் வைத்தால் ஏறக்குறைய முடிந்தது. துல்லியமாக விழும் ஆழமோ கால் மில்லிமீட்டருக்கும் குறைவுதான். கண் தெரிந்தால் மீசை தெரியாது, மீசை தெரிந்தால் கண் தெரியாது. ஆழம் வேண்டுமென்று, வெளிச்சம் நுழையும் லென்ஸ் துளையை எஃப் 16 என்ற சிறிய அளவுக்குச் சுருக்கினால் படம் முழுக்கவே மழுங்கிப் போகிறது.

முதல் இரண்டு மாதமும் மங்கல் படங்கள்தான். ஒருநாள் அண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, என் இடது கையைப் பிடித்து, பூச்சி இருந்த குச்சியையே விரலால் பிடிக்க வைத்தார். லென்ஸை அதே கையின் மேல் சாய்த்தார். "இப்ப குச்சி ஆடினா லென்ஸும் சேர்ந்து ஆடும். மடங்கை முதல்ல வெச்சுக்க. அப்புறம் ஒடம்பைத்தான் முன்னே பின்னே சாய்க்கணும்" என்றார். இந்த லென்ஸில் ஃபோகஸ் பண்ணத் தனி வளையம் கிடையாது, உடம்புதான் வளையம். அதை எனக்குப் புரிய வைத்தது அந்த ஒரு காலைப்பொழுது. பூச்சியைப் பிடித்து பிரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுக்கும் பழக்கம் வேண்டவே வேண்டாம் என்று அவர் கண்டித்துச் சொன்னதையும் இன்றுவரை மீறவில்லை. விடியற்காலைக் குளிரில் பூச்சி தானாகவே அசையாமல் இருக்கும்; நாம்தான் எழுந்து போக வேண்டும்.

எழுந்து போக ஓர் இடம் வேண்டுமே. காங்கேயம் பக்கம் கொரங்காடு, அதாவது வேலியடைத்த மேய்ச்சல் நிலம், வைத்திருக்கும் ஆத்தாவுக்கு எப்படி நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். ஐந்தரை மணிக்கெல்லாம் எனக்காக வேலிப் படலைத் திறந்து வைப்பார். ஆடு உள்ளே வந்தால் புல்லில் பனி உதிர்ந்துவிடும், பூச்சி கலைந்துவிடும் என்று நான் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு, பட்டியைத் திறப்பதை அரை மணி தள்ளிப் போட்டார். ஆடுகள் கத்திக்கொண்டிருக்கும். "நீ பாரு கண்ணு, அதுக ஓடியா போயிரும்" என்பார்.

எங்கே தேடுவது என்பதும் அவர் சொல்லிக் கொடுத்ததுதான். "கட்டெறும்பு எந்தக் கிளையில வரிசையா ஏறுதோ அங்க பாரு." பார்த்தேன். வெள்வேலக் கொம்பில் முள் என்று நினைத்தது முள்ளில்லை. முதுகில் கொம்பு வைத்த தத்துப்பூச்சி. அதன் குஞ்சுகள் தண்டைச் சுற்றி நெருக்கமாக உட்கார்ந்து சாறு உறிஞ்சிக்கொண்டிருந்தன. கட்டெறும்பு ஒன்று வந்து மீசையால் ஒரு குஞ்சின் பின்புறத்தை மெல்லத் தட்டியது. ஒருமுறை, இரண்டுமுறை. நுனியில் கண்ணாடி மணிபோல ஒரு சொட்டு திரண்டது. அந்தச் சொட்டுக்குள் விடிகிற வானம் தலைகீழாகத் தெரிந்தது. எறும்பு வாய் வைத்ததும் சொட்டு காணாமல் போனது. மூச்சை அடக்கியிருந்ததே நினைவில்லை எனக்கு. பள்ளியில் எல்லாரும் அதிக நேரம் நின்று பார்த்த படம் அதுதான்.

திருப்பூரில் கட்டிங் மாஸ்டராக இருக்கும் மாமாவுக்கும் நன்றி. 5 மடங்கில் லென்ஸின் முனைக்கும் பூச்சிக்கும் இடையே 4 சென்டிமீட்டர்தான் இடைவெளி. பிளாஷ் நேராக விழுந்தால் வண்டின் முதுகு வெள்ளைப் புள்ளியாகிவிடும். மாமா வெள்ளை பனியன் துணி வெட்டுகளைக் கொடுத்து, கம்பியில் இழுத்துத் தைத்தும் கொடுத்தார். அதன் வழியாக வெளிச்சம் பரவி விழுந்ததும் பொன்வண்டின் பச்சை அப்படியே வந்தது. பாலக்காட்டுக் கணவாயிலிருந்து ஆடிக்காற்று அடித்த நாட்களில் குடையோடு மறைத்து நின்ற தம்பிக்கும், பெயர் தெரியாத பூச்சிகளைப் பார்த்துச் சொன்ன வேளாண் பல்கலைக்கழக மாணவர்களுக்கும் என் அன்பு.

அண்ணா, லென்ஸைத் துடைத்து வைத்திருக்கிறேன், இந்த வாரம் கொண்டுவந்து தருகிறேன். ஆத்தா, நீங்கள் கேட்ட கட்டெறும்புப் படத்துக்குச் சட்டம் போட்டாயிற்று. வெள்ளிக்கிழமை காலையில், பட்டி திறக்கிற நேரத்துக்கு வந்துவிடுவேன்.