கோர் எத்தனைன்னு பெட்டி மேல போட்டா போதுமா? ப்ராசஸர் கம்பெனிகளுக்கு ஒரு திறந்த மடல்

இன்டெல், ஏஎம்டி ரெண்டு கம்பெனியிலயும் எந்த ப்ராசஸருக்கு எந்த வசதியைக் கொடுக்கலாம், எதுல இருந்து எதைப் பிடுங்கலாம்னு முடிவு பண்ற டீம்களுக்கு,

வணக்கம். நேரா விஷயத்துக்கு வரேன். ரெண்டரிங் பண்ணணும், சிமுலேஷன் ஓட்டணும், டெஸ்க்டாப் ப்ராசஸர் போதுமா இல்ல வொர்க்ஸ்டேஷன் ப்ராசஸர்தான் வாங்கணுமான்னு கேக்குறவங்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்கு வாய் வலிக்குது. கேள்வி ஒண்ணும் கஷ்டமானது இல்லங்க. பதில் நீங்க பெருசா விளம்பரப்படுத்துற எடத்துல இல்ல, அதான் பிரச்சனை. கோர் (ப்ராசஸருக்குள்ள கணக்குப் போடுற யூனிட்) எத்தனை, பூஸ்ட் (எட்டக்கூடிய உச்ச வேகம்) எத்தனை கிகாஹெர்ட்ஸ், இந்த ரெண்டை மட்டும் வச்சுக்கிட்டு ஒருத்தர் மெஷின் வாங்கினா அது அவர் வேலைக்குப் பொருந்துறது அதிர்ஷ்டம்தான்.

ஏஎம்டியோட டெஸ்க்டாப் ப்ராசஸர் ரைசன் 9 7950எக்ஸ்ல இருக்குறதும் ஸென் 4ங்கிற டிசைன்ல வந்த கோர், வொர்க்ஸ்டேஷன் ப்ராசஸர் த்ரெட்ரிப்பர் ப்ரோ 7995டபிள்யூஎக்ஸ்ல இருக்குறதும் அதே ஸென் 4 கோர். ஒண்ணுல 16, இன்னொண்ணுல 96, அவ்வளவுதான். வொர்க்ஸ்டேஷன்னு பேர் வச்சதுனால ஒத்தைக் கோர் வேகமா ஓடிடாது, சொல்லப்போனா டெஸ்க்டாப்தான் முந்தும், அங்க பூஸ்ட் 5.7, இங்க 5.1. இன்டெல் பக்கமும் இதே கதை. வொர்க்ஸ்டேஷனுக்கான ஸியான் டபிள்யூ9-3495எக்ஸ்ல 56 கோர், பேஸ் (அடிப்படை வேகம்) 1.9, பூஸ்ட் 4.8, ஆனா அதே சமயத்துல வந்த டெஸ்க்டாப் ப்ராசஸர் கோர் ஐ9-13900கே 5.8 வரைக்கும் போகுது. கேட் (CAD, கம்ப்யூட்டர்ல டிசைன் வரையுற) சாஃப்ட்வேர்ல மாடல் போடுறவர் ஒரு அளவை மாத்திட்டு ரீபில்ட் கொடுத்தா ஒவ்வொரு ஸ்டெப்பும் அதுக்கு முந்தின ஸ்டெப்பு முடியுறதுக்காகக் காத்துட்டு இருக்கும், பெரும்பாலும் ஒரே ஒரு கோர்தான் முக்கிட்டு ஓடும், மிச்சம் 55ம் வேடிக்கை பாக்கும். அவர்கிட்ட போய் "ப்ரொஃபஷனல்னா ஸியான்தான் சார்"னு சொல்லி விக்கிறது என்ன நியாயம்? கூடுதலா காசு கொடுத்து மெதுவான மெஷினை வீட்டுக்குத் தூக்கிட்டுப் போறார்.

கம்ப்யூட்டர் வடிவமைப்பாளர் ஜீன் ஆம்டால் 1967லயே சொல்லி வச்ச கணக்குதான் இது. ஒரு வேலையில 90 சதவீதத்தைப் பிரிச்சுக் கொடுக்கலாம், 10 சதவீதம் வரிசையாத்தான் நடக்கும்னு வைங்க. 16 கோர்ல அது 6.4 மடங்கு வேகமாகும், 64 கோர்ல 8.8 மடங்கு. கோர் நாலு மடங்காச்சு, வேகம் ஒண்ணரை மடங்கு கூட ஏறல. ரே ட்ரேசிங் மாதிரி ஒவ்வொரு பிக்சலையும் தனித்தனியா கணக்குப் போடுற வேலைன்னா 96 கோரும் பிச்சுக்கிட்டு ஓடும், அதை நான் மறுக்கல. ஆனா உங்க விளம்பரத்துல எப்பப் பாத்தாலும் ரெண்டரிங் க்ராஃப் மட்டும்தானே வருது?

சரி, அப்போ நிஜ வித்தியாசம் எங்க இருக்கு? கோரைச் சுத்தி இருக்கு. மெமரி சேனல் (மெமரியில இருந்து ப்ராசஸருக்கு டேட்டா வர்ற பாதை), பிசிஐஇ லேன் (ஜிபியு, எஸ்எஸ்டி மாதிரி கார்டுகளுக்குப் போற பாதை), ஈசிசி (மெமரித் தப்பைத் திருத்துற வசதி). இந்த மூணும்தான் ஸ்பெக் ஷீட்டுல கீழ பொடி எழுத்துல கிடக்கு.

மெமரியை எடுத்துக்குவோம், என்னைக் கேட்டா ஆளுங்க அதிகமா ஏமாறுறது இங்கதான். 7950எக்ஸுக்கு ரெண்டு சேனல், டிடிஆர்5-5200 மெமரி (5200ங்கிறது அதோட வேகம்) போட்டா செகண்டுக்கு 83 ஜிபி சொச்சம், 16 கோருக்குப் பிரிச்சா ஆளுக்கு 5.2. ப்ரோ இல்லாத த்ரெட்ரிப்பர் 7980எக்ஸுக்கு நாலு சேனல், அதே 5200ல 166 ஜிபி, ஆனா அதைப் பங்கு போட 64 கோர் நிக்குது, ஆளுக்கு 2.6 தான். தொட்டியைப் பெருசாக்கிட்டு ஆளுக்கு வர்ற குழாயைப் பாதியாக்கின கதை. காத்தோட்டம், தண்ணி ஓட்டம்னு சிமுலேஷன் ஓட்டுறவங்களுக்கு டேட்டா வந்து சேர்றதுதான் இடிக்கும், கோர் சும்மா காத்துட்டு நிக்கும், அவங்க 64 கோர் வாங்கியும் "என்னங்க எதிர்பார்த்த வேகம் வரல"ன்னு வந்து நிப்பாங்க. எட்டு சேனல் இருக்குற ப்ரோ சீரிஸ் இதுக்குத்தான் வந்துச்சு, 332 ஜிபி, நல்ல விஷயம். ஆனா அதே சீரிஸ்ல 12 கோர் 7945டபிள்யூஎக்ஸ்னு ஒண்ணு விக்கிறீங்களே, அதுல கோர் சிப்லெட் (கோர்கள் இருக்குற சின்னச் சிப்) ரெண்டே ரெண்டு, எட்டு சேனல்ல வர்றதை அந்த ரெண்டும் சேர்ந்தாலும் முழுசா இழுக்க முடியாது. "எட்டு சேனல்"னு கொட்டை எழுத்துல போடத் தெரிஞ்ச உங்களுக்கு இதையும் பக்கத்துல ஒரு வரி போடத் தெரியாதா?

டெஸ்க்டாப்லயும் யோக்கியம் இல்ல. 128 ஜிபி வேணும்னு ஒருத்தர் 7950எக்ஸ் போர்டுல 32 ஜிபி ஸ்டிக் நாலு வாங்கி நாலு ஸ்லாட்டையும் நிரப்புறார்னு வைங்க. ரெண்டு ஸ்டிக்குக்கு 5200ன்னு சொன்ன அதே ப்ராசஸர் நாலு ஸ்டிக்குக்கு 3600க்குத்தான் கேரண்டி கொடுக்குது. மெமரி கூட்டினவருக்கு மெமரி வேகம் மூணுல ஒரு பங்கு போச்சு! உங்க வெப்சைட்ல இது இருக்கு, இல்லன்னு சொல்லல, ஆனா காசு கட்டுறதுக்கு முன்னாடி யாருங்க அவ்வளவு கீழ ஸ்க்ரோல் பண்றா.

லேன் விஷயத்துல மட்டும் உங்க பக்கம் நியாயம் இருக்கு. டெஸ்க்டாப் ஏஎம்5 சாக்கெட்ல 1718 காண்டாக்ட், த்ரெட்ரிப்பரோட எஸ்டிஆர்5ல 4844. அத்தனை பின் இருந்தாத்தான் 128 லேன் வெளிய வரும், 24 லேனுக்கு மேல டெஸ்க்டாப்ல கேட்டா அது பேராசை. ரெண்டு மூணு ஜிபியு, அது போக வேகமான எஸ்எஸ்டி நாலு, ஃபாஸ்ட் நெட்வொர்க் கார்டுன்னு அடுக்குறவங்க யோசிக்காம வொர்க்ஸ்டேஷனுக்குப் போகலாம். டெஸ்க்டாப் போர்டுல ஸ்லாட் நிறைய தெரியுதேன்னு நம்பி இறங்கினா ரெண்டாவது கார்டு போட்டதும் 16 லேன் எட்டெட்டாப் பிரியும், மிச்ச எஸ்எஸ்டி, யுஎஸ்பி, நெட்வொர்க்னு எல்லாம் சிப்செட்டுக்கு (போர்டுல இருக்குற துணைச் சிப்புக்கு) போற நாலு லேன்ல முட்டி மோதும்.

ஈசிசிக்கு அந்த நியாயமும் கிடையாது. மெமரியில ஒரு பிட் தானா மாறினா கண்டுபிடிச்சு திருத்துற வசதி, இதை ஏதோ பெரிய மனுஷங்க சமாச்சாரம் மாதிரி வேலி போட்டு வச்சிருக்கீங்க. கூகுள் சர்வர்களை வச்சு 2009ல வந்த ஆய்வுல ஒரு வருஷத்துல 8 சதவீதத்துக்கு மேல மெமரி ஸ்டிக்ல எரர் வந்துச்சுன்னு இருக்கு. இன்டெலோட ஹேஸ்வெல் தலைமுறை காலத்துல ஸியான் ஈ3யை சாதா போர்டுல போட்டு ஓட்டினாங்க, 2015ல ஸ்கைலேக் தலைமுறை வந்ததும் ஸியானுக்குத் தனி சிப்செட்தான்னு பூட்டினது இன்டெல். அப்புறம் 12வது தலைமுறையில கோர் ஐ5, ஐ7, ஐ9 மாதிரி சாதா டெஸ்க்டாப் ப்ராசஸர் பலதுலயும் ஈசிசி கொடுத்தாங்க, ஆனா டபிள்யூ680 சிப்செட் போர்டு வாங்கணுமாம். அதாவது ப்ராசஸருக்குள்ள வசதி இருக்கு, சாவி மட்டும் வேற எடத்துல. லினக்ஸை உருவாக்கின லினஸ் டோர்வால்ட்ஸ், அந்த 12வது தலைமுறை வர்றதுக்கு முன்னாடியே 2021 ஜனவரியில, சாதா ப்ராசஸருக்கு ஈசிசி கொடுக்காததுக்காக இன்டெலைக் கிழிச்சுத் தொங்கவிட்டார், அவர் கோவம் எனக்கு முழுசா புரியுது.

ஏஎம்டி ஆளுங்க சிரிக்க வேணாம். ரைசன்ல ஈசிசியை அடைக்கல, சரி, ஆனா போர்டு கம்பெனி கையில விட்டுட்டீங்க. ஈசிசி ஸ்டிக்கைப் போட்டா மெஷின் பூட் ஆகும், திருத்தம் நடக்குதா இல்லையான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. லினக்ஸ்ல எடாக் (EDAC, மெமரி எரரைப் பதிவு பண்ற) டிரைவர் ஏறியிருக்கான்னு லாக்ல தேடணும், அப்பவும் சந்தேகம் தீராதவங்க வேணும்னே மெமரியை ஓவர்க்ளாக் பண்ணி (அளவுக்கு மீறின வேகத்துல ஓட்டி) எரர் வரவச்சு அது பதிவாகுதான்னு பாக்குறாங்க. வாங்கின பொருள் வேலை செய்யுதான்னு தெரிய அதை உடைச்சுப் பாக்கணுமா? இதுல டிடிஆர்5 வந்ததுல இருந்து "எல்லா ஸ்டிக்லயும் ஈசிசி இருக்கு சார்"னு ஒரு புரளி வேற. சிப்புக்குள்ளயே நடக்குற திருத்தம் அது, சிப்புல இருந்து ப்ராசஸருக்கு வர்ற வழியில நடக்குற தப்பை அது பாக்காது. இந்தக் குழப்பத்தை நீங்களாவது தெளிவாச் சொல்லித் தீர்த்திருக்கலாம்.

இன்னொண்ணு, செகண்ட் ஹேண்ட். த்ரெட்ரிப்பர் ப்ரோவை சில பிராண்ட் வொர்க்ஸ்டேஷன்ல ஒரு தடவை பூட் பண்ணா ப்ராசஸருக்குள்ள ஃப்யூஸ் எரிஞ்சு அந்த பிராண்ட் போர்டுக்கே நிரந்தரமா பூட்டிக்குது, வேற போர்டுல அது வெறும் சிலிக்கான் துண்டு. செக்யூரிட்டின்னு காரணம் சொல்றீங்க, அந்த செக்யூரிட்டி வேண்டியவங்க ஆன் பண்ணிக்கட்டும், மத்தவங்களுக்கு ஏன்?

அதனால கேக்குறது இவ்வளவுதான். ஈசிசியை எல்லா டெஸ்க்டாப் ப்ராசஸருக்கும் எந்தச் சிப்செட்டா இருந்தாலும் திறந்து விடுங்க, ஓடுதா இல்லையான்னு பயாஸ்லயே (மெஷின் ஆன் ஆகும்போது வர்ற செட்டிங் ஸ்க்ரீன்ல) ஒரு வரி காட்டச் சொல்லி போர்டு கம்பெனிகளைக் கட்டாயப்படுத்துங்க, உங்க பேச்சை அவங்க கேப்பாங்க. பெட்டி மேல கோர் எண்ணிக்கைக்குப் பக்கத்துல எல்லா ஸ்லாட்டும் நிரம்பினா மெமரி வேகம் என்ன, எல்லா கோரும் ஓடும்போது எத்தனை கிகாஹெர்ட்ஸ் நிக்கும், ப்ராசஸர்ல இருந்து நேரா வர்ற லேன் எத்தனைன்னு போடுங்க. செகண்ட் ஹேண்ட்ல வர்ற ப்ராசஸர் எந்த போர்டுக்குப் பூட்டினதுன்னு வாங்குறதுக்கு முன்னாடியே செக் பண்ண ஒரு வழியும் கொடுங்க.

இப்படிக்கு,
உங்க ரெண்டு பேர் ப்ராசஸரையும் வாங்கி ஓட்டுற ஒருத்தன்