ஃபெயில்ஓவர் ஆச்சு, ஃபைலைத்தான் காணோம்: எங்க ஸ்டோரேஜ் கம்பெனிக்கு ஒரு திறந்த மடல்

எங்க ஸ்டோரேஜ் சாஃப்ட்வேரை எழுதற டீமுக்கும், எந்த பக்கை (சாஃப்ட்வேர் பிழையை) எப்ப சரி பண்ணணும்னு முடிவு பண்ற பெரியவங்களுக்கும் வணக்கம்.

கேஸ் நம்பர் உங்ககிட்டயே இருக்கு, லாக் ஃபைலும் மூணு தடவை அப்லோட் பண்ணியாச்சு, அதனால முழுக் கதையும் மறுபடி சொல்லல. ரெண்டு நோடு (சர்வர்) என்எஃப்எஸ் கிளஸ்டர், அதாவது நெட்வொர்க் வழியா எல்லா மெஷினுக்கும் ஃபைல் குடுக்கற ஜோடி, ஒண்ணு விழுந்தா இன்னொண்ணு தானா எடுத்துக்கும் (அதுதான் ஃபெயில்ஓவர்); போன மாசம் நீங்க அனுப்பின அப்டேட், அதுக்கப்புறம் நடந்த கூத்து.

அன்னிக்கு ராத்திரி முதல் நோடுல பவர் சப்ளை போச்சு. போகட்டும், அதுக்குத்தானே ரெண்டாவது நோடுக்கும் சேர்த்து லைசன்ஸ் கட்டறோம். விர்ச்சுவல் ஐபி (மெஷினெல்லாம் தேடி வர்ற பொது முகவரி) அந்தப் பக்கம் தாவிடுச்சு, டேஷ்போர்டு முழுக்கப் பச்சை, நானும் நிம்மதியா டீ குடிக்க இறங்கிட்டேன். பாதி கிளாஸ் காலியாகறதுக்குள்ள ரெண்டரிங் (கம்ப்யூட்டர்ல படம் உருவாக்கற) பசங்ககிட்டேர்ந்து போன், "அண்ணே, எல்லா மெஷின்லயும் ஸ்டேல் ஃபைல் ஹேண்டில்னு வருதுண்ணே." அதாவது, ஃபைலைக் கேக்க மெஷின் கையில வச்சிருக்கற அடையாளச் சீட்டு (ஹேண்டில்) இனி செல்லாதுன்னு சர்வர் சொல்லுது. மொத்தம் 48 மெஷின். அன்மவுன்ட் பண்ணா (அந்த ஸ்டோரேஜ் இணைப்பைக் கழட்டினா) டிவைஸ் பிஸிங்குது, எந்த ப்ராசஸ் பிடிச்சிட்டு நிக்குதுன்னு பாத்து ஒவ்வொண்ணா கொன்னு, திரும்ப மவுன்ட் பண்ணி, அதுக்கும் மசியாததை பவர் பட்டனை அழுத்திப் பிடிச்சு ரீபூட் பண்ணி முடிக்கறப்ப பால் வண்டி வந்துடுச்சு. 11 மணி நேரம் ஓடின ரெண்டர் முதல்லேர்ந்து. உங்க டேஷ்போர்டு மட்டும் அப்பவும் பச்சைதான், பாசி பிடிச்ச கோயில் குளம் மாதிரி.

ஃபெயில்ஓவர் ஆனதும் 90 செகண்ட் கிரேஸ் பீரியட்ல (சலுகை நேரத்துல) ஃபைல் பூட்டெல்லாம் காத்திருக்கும்னு எங்களுக்கும் தெரியும், அதுக்கெல்லாம் சண்டைக்கு வரல. இது வேற. எந்த எக்ஸ்போர்ட்டோட (நெட்வொர்க்ல பகிர்ற ஃபோல்டரோட) ஃபைல்னு சர்வர் அடையாளம் கண்டுபிடிக்கறதே ஹேண்டிலுக்குள்ள இருக்கற எஃப்எஸ்ஐடி எண்ணை வச்சுதான், அது ரெண்டு நோடுலயும் ஒண்ணா இருக்கணும், கிளஸ்டர் கட்டறவன் முதல் நாள் படிக்கற பாடம் இது. உங்க அப்டேட் ரெண்டாவது நோடுல எக்ஸ்போர்ட்ஸ் ஃபைலை புதுசா எழுதி, 101-னு நாங்க வச்சிருந்ததை 1-னு மாத்திட்டுப் போயிருக்கு. இதைக் கண்டுபிடிச்சது உங்க சப்போர்ட் இல்ல, நான். அவங்க கேட்டது "ரீஸ்டார்ட் பண்ணிப் பாத்தீங்களா சார்?"

நாங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணு. இந்த பக்குக்கு இப்ப ஓடற வெர்ஷனுக்கே ஒரு பேட்ச் (சின்னத் திருத்தம்) குடுங்க, அதுல என்ன சரி பண்ணீங்கன்னு ரிலீஸ் நோட்ஸ்ல எழுதுங்க. "அடுத்த மேஜர் வெர்ஷனுக்கு மாறிடுங்க"ங்கறது பதில் இல்ல.

போன அப்டேட்டோட நோட்ஸைத் திறந்தா ஒரே வரி, "ஸ்டெபிலிட்டி மேம்பாடுகள்". யாரோட ஸ்டெபிலிட்டி? காசே வாங்காம வர்ற சாம்பால (அதுவும் ஃபைல் பகிர்ற சாஃப்ட்வேர்தான்) ஒவ்வொரு ரிலீஸ்லயும் பக் நம்பர் போட்டு, சரி பண்ணவர் பேரோட எழுதறாங்க, செக்யூரிட்டி ஃபிக்ஸ்னா பேட்சைத் தனியாவே குடுக்கறாங்க. உங்ககிட்ட டார்க் மோட் வந்திருக்கு. நல்லாத்தான் இருக்கு, ராத்திரி முழுக்க உக்காந்து பாக்கறவனுக்குக் கண்ணு கூசாது. ரினியூவல் மெயில் மட்டும் இதுவரைக்கும் ஒரு தடவைகூட ஃபெயில் ஆனதில்ல, அந்த சர்வரை எந்தக் கிளஸ்டர்ல வச்சிருக்கீங்கன்னு சொன்னா நாங்களும் அதையே வாங்கிக்குவோம்.

சரி, கோவத்துல கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன், மன்னிச்சுக்கோங்க. உங்க டெவலப்பர்களும் எங்களை மாதிரி ராத்திரி முழிக்கறவங்கதான், அவங்க மேல வருத்தமில்ல. தயவுசெஞ்சு அந்தப் பேட்சை மட்டும் இந்த வெர்ஷனுக்கே குடுங்க. அதுவரைக்கும் ரெண்டு நோடுலயும் எண் ஒண்ணா இருக்கான்னு அஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவை பாக்க நானே ஒரு ஸ்கிரிப்ட் எழுதி கிரான்ல (குறிச்ச நேரத்துக்குத் தானா ஓட வைக்கற வசதி) போட்டிருக்கேன். இருபது வரிதான், வேணும்னா அனுப்பறேன்.

இப்படிக்கு,
அந்த 48 மெஷினையும் பாத்துக்கற சிஸ்டம் அட்மின்