ஐம்பது வசனம் வேண்டாம், 24 போதும்: ஞாயிறு பள்ளிப் பொறுப்பாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

கிறிஸ்துவுக்குள் அன்பான சேகர (பல சபைகள் சேர்ந்த வட்டார) குருமார்களுக்கும், ஞாயிறு பள்ளிக் கண்காணிப்பாளர்களுக்கும், விபிஎஸ் (விடுமுறை வேதாகமப் பள்ளி) நடத்தும் சகோதர சகோதரிகளுக்கும் ஸ்தோத்திரம்.

அடுத்த ஆண்டின் பாடத்திட்டத்தையும் வசனப் போட்டிப் பட்டியலையும் அச்சுக்குக் கொடுக்கும் முன் இந்த மடலை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். விபிஎஸ்-ல் பத்து நாளில் பத்து வசனம், போட்டிக்கு ஐம்பது வசனம் என்று கொடுக்கிறோம். பிள்ளைகள் முந்தின இரவு உட்கார்ந்து படித்து, மறுநாள் கடகடவென்று ஒப்புவித்து, பரிசும் வாங்கிவிடுகிறார்கள். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் முதல் நாலு வார்த்தைக்குமேல் வருவதில்லை. குறை பிள்ளைகளிடம் இல்லை, நாம் வைத்திருக்கும் முறையில் இருக்கிறது. ஆகவே எங்கள் வேண்டுகோள்: ஆண்டுக்கு 24 வசனம் மட்டும் வையுங்கள். இரண்டு வாரத்துக்கு ஒன்று. மீதமுள்ள நாலு வாரம் பழையதைத் திருப்பிப் பார்க்க.

ஒரே இரவில் படித்தது ஏன் நிற்பதில்லை? பார்த்துப் பார்த்து வாசிப்பது மனதில் பதிந்துவிட்டது போன்ற உணர்வைத் தரும், அவ்வளவுதான். 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகச் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துப் பார்த்தபோது, தாளை மூடிவைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தியிருந்தார்கள். வசனத்துக்கும் இது பொருந்தும். புத்தகத்தை மூடிவிட்டுத் திணறித் திணறிச் சொல்லும் அந்த அரை நிமிடம்தான் பதிய வைக்கிறது. பிள்ளை திணறும்போது உடனே எடுத்துக்கொடுக்காதீர்கள். மனதுக்குள் பத்து எண்ணிவிட்டு, அதன்பின் ஒரே ஒரு வார்த்தை கொடுங்கள்.

திரும்பச் சொல்லும் நாட்களையும் இடைவெளி விட்டு வைக்கவேண்டும். படித்த அன்று ஐந்து தடவை, பிறகு 2, 4, 7, 14, 30-ஆம் நாட்களில் ஒவ்வொரு தடவை. நேரம் எப்போது என்று தேடவேண்டியதில்லை, உபாகமம் 6:7 அதைச் சொல்லிவிட்டது: வீட்டில் உட்கார்ந்திருக்கிறபோது, வழியில் நடக்கிறபோது, படுத்துக்கொள்ளுகிறபோது, எழுந்திருக்கிறபோது. பள்ளிக்கு நடக்கும் வழியும் படுக்கும் நேரமுமே போதும்.

செலவும் அதிகமில்லை. தடித்த அட்டையை உள்ளங்கை அளவுக்கு வெட்டி, ஒரு பக்கம் அதிகார எண்ணும் (1:19 என்பதுபோல்) முதல் வார்த்தையும், மறுபக்கம் முழு வசனமும் எழுதச் சொல்லுங்கள். பிள்ளையே கையால் எழுதட்டும், அச்சடித்துக் கொடுக்கவேண்டாம். ஒரு காலிப் பெட்டியில் தினம், வாரம், மாதம் என்று மூன்று தடுப்பு. தப்பில்லாமல் சொன்ன அட்டை அடுத்த தடுப்புக்குப் போகும். தடுமாறின அட்டை எந்தத் தடுப்பில் இருந்தாலும் மறுபடி தினத் தடுப்புக்கே வரவேண்டும்.

இனி, எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். பெரும்பாலும் வசனத்தின் பின்பாதி விழும். எப்போதும் தொடக்கத்திலிருந்தே சொல்வதால் முன்பாதிக்கு இருபது தடவை கிடைத்தால் பின்பாதிக்குப் பத்துதான் கிடைக்கிறது. கடைசித் துண்டிலிருந்து ஆரம்பித்துப் பின்னோக்கிக் கட்டுங்கள். யாக்கோபு 1:19-ல் முதலில் "கோபிக்கிறதற்குத் தாமதமாயும் இருக்கக்கடவர்கள்", அது நின்றபின் அதற்கு முன்னால் "பேசுகிறதற்குப் பொறுமையாயும்", அதற்கும் முன்னால் "கேட்கிறதற்குத் தீவிரமாயும்". இந்த மூன்றும் ஒரே ஓசையில் இருப்பதால் வரிசை மாறிப்போகும். காது, வாய், நெஞ்சு என்று கையால் தொட்டுச் சொன்னால் மாறாது.

அடுத்து விழுவது அதிகார எண். வசனத்துக்கு முன்னும் பின்னும் இரண்டு முறை சொல்ல வைப்பது ஒன்றே வழி. வகுப்பு முழுவதும் சேர்ந்து கோரஸாகச் சொல்வதை முதல் வாரத்தோடு நிறுத்திவிடுங்கள். அந்தச் சத்தத்துக்குள் உதடு மட்டும் அசைக்கும் பிள்ளைகள் ஒளிந்துகொள்வார்கள். இரண்டு இரண்டு பேராக ஒருவருக்கொருவர் ஒப்புவிப்பது நல்லது.

ஆங்கில வழியில் படிக்கும் பிள்ளைகள் தமிழ் வசனத்தை ஆங்கில எழுத்தில் எழுதிவைத்துப் படிக்கிறார்கள். ழகரமும் ளகரமும் ஒன்றாகிவிடும், குறிலும் நெடிலும் கலங்கிவிடும், பொருளும் போய்விடும். அவர்களுக்குக் காதால் கற்பிப்பதே மேல். ஆசிரியர் நிதானமாகச் சொல்லி ஒரு ஒலிப்பதிவைப் பெற்றோரின் கைபேசிக்கு அனுப்பினால் போதும். எழுத்து தெரியாத பெரியவர்களுக்கும் இதே வழிதான். எந்த மொழிபெயர்ப்பு என்பதையும் சேகரம் முழுவதற்கும் ஒன்றாக முடிவுசெய்யுங்கள். வகுப்பில் பழைய திருப்புதலும் (பழைய வேதாகம மொழிபெயர்ப்பும்) வீட்டில் எளிய மொழிபெயர்ப்புமாக இருந்தால் இரண்டும் கலந்து எதுவும் நிற்காது.

பழைய திருப்புதலையே வைப்பதானால் சொல்லுக்குப் பொருள் சொல்லாமல் மனப்பாடம் செய்யச் சொல்லாதீர்கள். அதன் ஓசை நாவில் நிற்கும், அதுவே அதன் பலம். ஆனால் சங்கீதம் 23:1-ல் வரும் "தாழ்ச்சியடையேன்" என்றால் எனக்கு ஒன்றும் குறைவுபடாது என்பது எத்தனை பிள்ளைகளுக்குத் தெரியும்? நீதிமொழிகள் 11:1-ல் வரும் "சுமுத்திரையான நிறைகல்" பெரியவர்களுக்கே தடுக்கும். சரியான முத்திரையுள்ள, எடை குறையாத கல். கடைத் தராசுக்கு அரசு முத்திரை வைக்கும் வழக்கம் இன்றும் உண்டு. அதைக் காட்டிச் சொன்னால் அந்த வசனம் கடைத்தெருவில் நடந்து வரும்.

பொருள் தெரிந்தபின் பக்கத்து வசனம். இதைத்தான் மிகவும் வற்புறுத்திக் கேட்கிறோம். இயேசுவைச் சோதித்தபோது சாத்தானும் 91-ஆம் சங்கீதத்தை வாய்ப்பாடமாகத்தான் சொன்னான், "உன் வழிகளிலெல்லாம்" என்பதை விட்டுவிட்டு. ஆண்டவர் உபாகமத்திலிருந்து மூன்று வசனங்களால் அவனுக்குப் பதில் சொன்னார். வசன எண்கள் வேதத்தோடு பிறந்தவை அல்ல. புதிய ஏற்பாட்டில் இன்று நாம் காணும் வசனப் பிரிவு 1551-ல் ராபர்ட் எஸ்தியேன் என்ற அச்சகர் போட்டது. அந்த எண்ணோடு நாம் நின்றுவிடுகிறோம்.

"என்னைப் பெலப்படுத்துகிற கிறிஸ்துவினாலே எல்லாவற்றையுஞ்செய்ய எனக்குப் பெலனுண்டு" என்று பரீட்சைக்குமுன் சொல்கிறோம். இது பிலிப்பியர் 4:13. அதற்கு முந்தின 4:12-ல் பவுல் சொல்வது திருப்தியாயிருக்கவும் பட்டினியாயிருக்கவும் கற்றதைப் பற்றி. நல்ல எதிர்காலத்தை வாக்களிக்கும் எரேமியா 29:11 எத்தனையோ புத்தாண்டு வாக்குத்தத்த அட்டைகளில் வருகிறது. அதற்கு முந்தின வசனத்தில் பாபிலோனில் எழுபது வருஷம் என்று இருக்கிறது. முந்தின வசனத்தை அறிந்தவன், ஆறு மாதத்தில் வேலை கிடைக்கவில்லை என்று விசுவாசத்தை விட்டுவிடமாட்டான். யோவான் 3:16 எல்லாருக்கும் தெரியும். அதனோடு 1 யோவான் 3:16-17-ஐயும் சேர்த்து வையுங்கள். குறைச்சலுள்ள சகோதரனைக் கண்டு இருதயத்தை அடைத்துக்கொள்கிறவனைப் பற்றிய கேள்வி அங்கே இருக்கிறது.

பட்டியலில் வாக்குத்தத்தங்கள் பன்னிரண்டு இருந்தால் கட்டளைகளும் பன்னிரண்டு இருக்கட்டும். ஆறுதல் வசனங்களை மட்டும் படித்த பிள்ளைக்கு, கோபம் வரும்போது எடுத்துக்கொள்ள ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு கட்டளைக்கும் ஒரு இடத்தையும் நேரத்தையும் வகுப்பிலேயே குறித்துவிடுங்கள். "அன்பாய் இருப்பேன்" என்று பொதுவாகச் சொன்னால் அது நடக்காது. எபேசியர் 4:26-க்கு நேரமே வசனத்தில் இருக்கிறது, சூரியன் அஸ்தமிக்குமுன் கோபம் தணியவேண்டும். மாலைக் குடும்ப ஜெபத்துக்கு உட்காரும்முன், அன்று சண்டை போட்ட அண்ணனிடமோ தங்கையிடமோ பேசிவிடவேண்டும். "மெதுவான பிரதியுத்தரம் உக்கிரத்தை மாற்றும்" என்பதற்கு இடம் வாட்ஸ்அப். கோபமாக எழுதினதை அனுப்பாமல், அந்த வசனத்தை ஒருமுறை முழுவதும் சொல்லிவிட்டு மறுபடி வாசித்துப் பார்க்கவேண்டும். நீதிமொழிகள் 11:1-ன் நிறைகல் வசனம், மீதிச் சில்லறை அதிகம் வந்தால் திருப்பிக் கொடுக்கும் இடத்திலும் பரீட்சை அறையிலும் நிற்கும்.

பெற்றோருக்கும் பங்கு உண்டு. பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் எபேசியர் 6:1-ஐப் பிள்ளைகள் படிக்கும் அதே இரண்டு வாரத்தில், "உங்கள் பிள்ளைகளைக் கோபப்படுத்தாமல்" என்னும் 6:4-ஐத் தகப்பன்மார் படிக்கட்டும். தண்டனையாக வசனத்தை நூறு தடவை எழுதச் சொல்லும் வழக்கத்தை அடியோடு நிறுத்துங்கள். கசப்போடு கற்ற வசனத்தை யாரும் ஆபத்துக்காலத்தில் தேடி எடுக்கமாட்டார்கள்.

போட்டியை நிறுத்தச் சொல்லவில்லை. மதிப்பெண்ணை மாற்றுங்கள். பத்துக்கு நாலு வார்த்தை பிசகாமல் சொல்வதற்கு, இரண்டு அதிகார எண்ணுக்கு, இரண்டு சொந்த வார்த்தையில் பொருள் சொல்வதற்கு, இரண்டு முந்தின அல்லது பிந்தின வசனம் என்ன சொல்கிறது என்பதற்கு. தேதி முன்கூட்டியே அறிவிக்காமல், படித்து மூன்று மாதம் ஆன வசனங்களிலிருந்து கேளுங்கள். ஆனால் பிள்ளைகள் செய்த நற்செயலுக்கு மதிப்பெண் போடவேண்டாம். போட்டால், மனுஷர் காணவேண்டுமென்று செய்யாதிருங்கள் என்ற மத்தேயு 6:1-ஐ நாமே மீறவைத்தது ஆகும். அதை ஆசிரியர் தனியே, அன்பாய் விசாரித்தால் போதும்.

முதல் மூன்று மாதத்துக்கு ஆறு வசனங்களை மட்டும் இப்படி நடத்திப் பாருங்கள். யாக்கோபு 1:19-20-ல் தொடங்கலாம். மனுஷருடைய கோபம் தேவனுடைய நீதியை நடப்பிக்கமாட்டாதே என்று இருபதாம் வசனம் காரணத்தையும் சொல்லிவிடுகிறது.

கர்த்தருக்குள்,
ஞாயிறு பள்ளி ஆசிரியர்கள் சிலர்