ஆதிப்புள்ளி குன்னூருக்குப் போனது

கோத்தகிரி

அன்புள்ள தோழிக்கு,

நலம். அம்மாவின் மூட்டுவலி பரவாயில்லை. உன் வீட்டுக்குத் தளம் போட்டாயிற்றா? மற்றதெல்லாம் கிடக்கட்டும், ஒன்பதாம் வகுப்பில் நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

ஊட்டியை ஆதிப்புள்ளியாக, அதாவது அளவு தொடங்கும் (0, 0) ஆக வைத்து, கிழக்கே எத்தனை கிலோமீட்டர், வடக்கே எத்தனை என்று வரைபடத்தாளில் நம் ஊர்களைத் தோராயமாகக் குறிக்கச் சொன்னேன். குன்னூர் (11, -7). கோத்தகிரி (17, 1). இடைத்தொலைவு என்ன? பாதி வகுப்பு 1-லிருந்து -7ஐக் கழித்து, 8 வரவேண்டிய இடத்தில் -6 என்று எழுதியது. வருடா வருடம் இதே கதைதான்.

கடைசி வரிசையில் வாய் திறக்காத பெண் ஒருத்தி. அவள் தாளைப் பார்த்தால் ஊட்டியையே காணோம்! குன்னூரை (0, 0) ஆக்கி, கோத்தகிரியை (6, 8) என்று குறித்திருக்கிறாள். 6, 8 இரண்டின் வர்க்கங்கள் 36, 64, கூட்டினால் 100, வர்க்கமூலம் 10. அதுதான் தொலைவு. கேட்டதற்கு, "கழித்தல் குறி பயமாக இருந்தது டீச்சர், அதனால் ஆதிப்புள்ளியை நகர்த்திவிட்டேன்" என்றாள்.

எனக்கு மெய்சிலிர்த்துவிட்டது. ஊட்டியிலிருந்து அளந்தால் இரண்டு ஊர்களுக்கும் நடுப்புள்ளி (14, -3). அவள் தாளில் (3, 4). எண்கள்தான் வேறு, தேயிலைச் சரிவில் அது விழும் இடம் ஒன்றே. தொலைவோ இரண்டிலும் 10. நடுப்புள்ளிக்கு ஏன் கூட்டிப் பாதியாக்குகிறோம், தொலைவுக்கு ஏன் கழிக்கிறோம் என்பதெல்லாம் அந்த ஒரு தாளில் இருக்கிறது. நடுப்புள்ளி ஓர் இடம். எங்கிருந்து அளக்கிறோமோ அதற்கேற்ப அதன் எண் மாறும். தொலைவு இரண்டு இடங்களுக்கு நடுவே உள்ள வித்தியாசம். கழிக்கும்போது ஆதிப்புள்ளி தானாக விலகிவிடுகிறது. பிள்ளைகளோ இரண்டு சூத்திரங்களையும் உருப்போட்டு, தேர்வில் ஒன்றின் குறியை மற்றதில் போடுகிறார்கள்.

"பஸ்ஸில் இதைப்போல் இரண்டு மடங்கு தூரம் வருகிறதே" என்று ஒருவன் கேட்டான். வளைவுகளை எண்ணிக்கொண்டு வா என்றேன். நீ இருந்திருந்தால் எண்ணியே காட்டியிருப்பாய், கணக்கு நோட்டில் கோலம் போட்டவள்தானே!

ஆனால் ஒரு கவலை அரிக்கிறது. அந்தப் பெண்ணின் போன பரீட்சைத் தாளில் "சூத்திரம் எழுதவில்லை" என்று சிவப்பு மையில் மதிப்பெண் குறைத்திருக்கிறார்கள். தனக்குக் கணக்கு வராது என்றே அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள். அடுத்த வருடம் பத்தாம் வகுப்பு. பொதுத்தேர்வுக்குச் சூத்திரம் எழுதப் பழக்கவேண்டும், இந்தத் துணிச்சலும் போகக்கூடாது. நீ பல வருடம் பத்தாம் வகுப்பு எடுத்தவள், எப்படிச் செய்வாய்? விரிவாக எழுது. மே மாதம் பிள்ளைகளோடு மேலே வா, போன தடவை போல் மேட்டுப்பாளையத்தோடு திரும்பிவிடாதே.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுத் தோழி